தங்கவயல் மண்மேடும் பாக்கிக் கணக்கும்

கோலார் தங்கவயலில் மண்ணுக்கு மறுபடியும் விலை வந்திருக்கிறது. பாதாளத்திலிருந்து பாறையைத் தோண்டி எடுத்து, மில்லில் அரைத்து, தங்கத்தைப் பிரித்துக்கொண்ட பிறகு, இனி உதவாது என்று கொட்டி வைத்த மண்மேடுகள் அங்கே பதின்மூன்று இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் பரந்து கிடக்கும் இந்த மேடுகளை அள்ளி, அவற்றில் மிஞ்சியிருக்கும் தங்கத்தையும் எடுத்துவிடலாம் என்ற மத்திய சர்க்காரின் யோசனைக்கு, கர்நாடக மந்திரிசபை 2024 ஜூன் மாதத்தில் சம்மதம் தெரிவித்தது. அப்போது ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கி சுமார் 75 கோடி ரூபாயைக் கட்டிவிட வேண்டும் என்பதே அது.

பாக்கியைக் கேட்டது தவறல்ல. கொடுக்க வேண்டியவன் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தங்கவயலில் பாக்கி நிற்பது சர்க்காருக்கு மட்டும்தானா என்பதே நமது கேள்வி. அந்த மண்ணைத் தோண்டியவர்களுக்கும், தோண்டிய மண்ணின் தூசியை இன்றளவும் சுவாசித்து வருபவர்களுக்கும் சேர வேண்டிய பாக்கி எந்தப் பேரேட்டில் எழுதப்பட்டிருக்கிறது? அதை எழுதி வைக்காமல் மேட்டில் மண்வெட்டி விழக்கூடாது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

பெங்களூரில் வாழும் தமிழர்களுக்குத் தங்கவயல் எங்கோ இருக்கும் ஊர் அல்ல. காலையில் மரிகுப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் இந்நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். போக ஏறத்தாழ இரண்டு மணி, வர இரண்டு மணி. கட்டட வேலை, காவலர் வேலை, தொழிற்சாலை, கடை, ஆபீஸ் என்று எங்கு பார்த்தாலும் தங்கவயல்காரர் ஒருவரையாவது சந்திக்கலாம். இவர்களில் பலருடைய தகப்பனாரோ பாட்டனாரோ, பூமிக்கு மேலே வேலை தேடி நூறு கிலோமீட்டர் போனவர் அல்ல. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் இறங்கி வேலை செய்தவர். அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பது தெரிந்தால்தான் இன்றைய மண்மேட்டுப் பிரச்னையும் விளங்கும்.

தோண்டியவர்கள் யார்?

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் அங்கே பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். பண்ணையார் வீட்டு வாசலில் நிற்பதைவிடப் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று நினைத்தவர்கள். ஒரு காலத்தில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே வேலை பார்த்தார்கள்.

அவர்கள் தோண்டிய தங்கத்துக்காகச் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 1902-ல் மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத்துத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான். இயந்திரத்துக்கு வெளிச்சம் வந்த வேகத்தில் மனிதனின் நுரையீரலுக்குப் பாதுகாப்பு வரவில்லை. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். திடீரென்று பாறை வெடித்துச் சிதறினால் உயிர் தப்புவது அவரவர் அதிர்ஷ்டம். வெடிக்குத் தப்பியவர்களைக் கல்தூசி பிடித்தது. சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைப் பற்றி 1940-களில் தங்கவயலில் மருத்துவ ஆராய்ச்சி நடந்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

இப்படி ஏறத்தாழ 120 ஆண்டுகளில் தங்கவயல் நாட்டுக்குத் தந்த தங்கம் சுமார் 800 டன். இன்று இந்தியா ஒரே ஆண்டில் வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்யும் தங்கம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. மூன்று நான்கு தலைமுறைகள் உயிரைக் கொடுத்து எடுத்ததை நாம் ஓராண்டில் வாங்கித் தீர்க்கிறோம்.

நஷ்டம் எங்கிருந்து வந்தது?

சுரங்கத்தை 1956-ல் மைசூர் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1962-ல் அது மத்திய சர்க்காரிடம் போயிற்று. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரில் கம்பெனியாயிற்று. கடைசியில், நஷ்டம் தாங்கவில்லை என்று 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது.

நஷ்டம் என்பது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது. ஆரம்பகாலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசிக் காலத்தில் மூன்று நான்கு கிராமாக இறங்கிவிட்டது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுரங்கம் தேசியமயமான பிறகு பல ஆண்டுகள், அங்கே எடுத்த தங்கத்தைச் சந்தையில் விற்க முடியாது. அவுன்ஸ் 35 டாலர் என்ற சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கு மத்திய சர்க்காரே எடுத்துக்கொண்டது. 1966-ல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பிறகு, அந்த விலை 10 கிராமுக்கு 84 ரூபாய் சொச்சம். உள்நாட்டுச் சந்தையிலோ தங்கம் அதைவிட வெகு அதிகமாக விற்றுக்கொண்டிருந்தது. உழவன் விளைவித்த நெல்லைப் பாதி விலைக்கு அளந்து வாங்கிக்கொண்டு, உன் நிலம் லாபம் தரவில்லை என்று சொல்வது போன்ற கதை இது.

நாட்டின் செலாவணி இருப்புக்குத் தங்கம் தேவைப்பட்டது. அதற்காகச் செய்தார்கள் என்று சொல்லலாம். தேவை நியாயமாகவே இருக்கட்டும். அந்தத் தியாகம் நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்றால், அதன் பலனும் சுமையும் நாட்டின் கணக்கில் அல்லவா ஏற வேண்டும்? பலன் நாட்டின் கணக்கில் ஏறியது. நஷ்டம் மட்டும் சுரங்கத்தின் கணக்கிலும், பிறகு சுரங்கத் தொழிலாளியின் தலையிலும் ஏறியது.

மூடிய நேரத்தையும் கவனியுங்கள். 1999-க்கும் 2001-க்கும் இடையில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 250 டாலருக்கும் 300 டாலருக்கும் நடுவே கிடந்தது. பல்லாண்டுகளில் காணாத மலிவு. அந்தப் பள்ளத்தில் நின்று கணக்குப் பார்த்தால் எந்தச் சுரங்கம்தான் தேறும்? ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கம் மாநில சர்க்காரின் கம்பெனியாக அந்தக் காலத்தையும் தாண்டி நின்றது. பிறகு விலை ஏறியபோது அதன் பலனையும் கண்டது. தங்கவயலுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்தது. தொழிலாளர்களுக்கு ஒரு சலுகைத் தொகை கிடைத்தது. ஊருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் பிந்திய சட்டம்

இங்கே ஒரு வேதனையான பொருத்தத்தைக் குறிப்பிட வேண்டும். சுரங்கம் நடத்துகிறவர் அதை மூடும்போது செய்ய வேண்டிய வேலைகளை, அதாவது குழிகளைப் பாதுகாப்பது, மண்மேடுகளைக் காற்றும் மழையும் அரிக்காமல் நிலைப்படுத்துவது, வேலை இழப்போருக்கு மாற்று வழி காண்பது ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமாக எழுதி ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2003 ஏப்ரலில் வந்தது. அதற்கென ஜாமீன் தொகையும் கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதி. ஆனால் தங்கவயல் மூடப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த விதி.

எனவே, இந்தியாவின் மிகப் பெரிய தங்கச் சுரங்கம், மூடல் திட்டம் என்ற ஒன்று இல்லாமலேயே மூடப்பட்டது. வீட்டைக் காலி செய்கிறவன்கூடக் குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டுப் போவான். இங்கே 3 கோடி டன்னுக்கும் அதிகமான மண்ணை ஊர் நடுவே விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மண் சாதாரண மண் அல்ல. மாவு போல் அரைக்கப்பட்டது. சயனைடு கரைசலில் ஊறியது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும் என்பார்கள் ரசாயன நிபுணர்கள். சிதையாமல் நிற்பது நுண்ணிய கல்தூளும், அதோடு கலந்த உலோகங்களும், கந்தகம் கலந்த தாதுக்களும்தான். மழை பெய்தால் ஓடையிலும் ஏரியிலும் கரைகிறது. காற்று அடிக்கும் மாதங்களில் சாம்பியன் ரீஃப், மரிகுப்பம், கோரமண்டல் பகுதி லைன் வீடுகளில் சோற்றுத் தட்டுவரை தூசி வந்து படிகிறது. மூச்சிரைப்பையும் தோல் அரிப்பையும் பற்றி மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். பாலாறு பாய்ந்து நிரப்பும் பேத்தமங்கலம் ஏரி ஒரு காலத்தில் தங்கவயலின் தாகத்தைத் தீர்த்தது. அந்த ஆறு அங்கிருந்து நம் வட ஆர்க்காட்டுக்கு வருவது என்பதையும் மறக்க வேண்டாம். மேட்டு மண் எங்கே கரைகிறது என்பது கோலார் மாவட்டத்தின் கவலை மட்டும் அல்ல.

இந்தத் தூசிக்கு எந்தக் கம்பெனியின் கணக்கிலும் செலவுத் தலைப்பு கிடையாது. அதனால் செலவே இல்லை என்று ஆகிவிடுமா? டாக்டருக்குக் கொடுக்கும் பணம், இருமலால் போகாத வேலை நாள், விலை போகாத மனை, இவையெல்லாம் செலவுதான். அந்தச் செலவை ஊர்மக்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தங்கள் சட்டைப் பையிலிருந்து கட்டி வருகிறார்கள். சுற்றுச்சூழல் என்றால் மானும் மயிலும் என்று நினைப்பவர்கள் தங்கவயலுக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கே அது மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகை.

மண்ணுக்கு விலை வந்த விதம்

இப்போது புதிய கணக்குக்கு வருவோம். மேட்டு மண்ணில் டன்னுக்கு முக்கால் கிராம் அளவில் தங்கம் மிஞ்சியிருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 0.7 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 2001-ல் தங்கம் 10 கிராம் சுமார் 4,300 ரூபாய். ஆக, அன்று ஒரு டன் மண்ணில் கிடந்த தங்கத்தின் விலை 300 ரூபாய். அள்ளுகிற கூலிக்கும் அரைக்கிற செலவுக்கும் கட்டாது. 2025-ல் 10 கிராம் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில், அதே ஒரு டன் மண்ணில் 7 ஆயிரம் ரூபாய்த் தங்கம். மண் மாறவில்லை, விலைதான் மாறியிருக்கிறது.

3.3 கோடி டன் மண்ணையும் இந்தக் கணக்கில் பெருக்கினால் 23 டன் தங்கம். 10 கிராம் ஒரு லட்சம் என்ற விலையில் 23 ஆயிரம் கோடி ரூபாய். முழுவதையும் எடுத்துவிட முடியாது. எடுக்கச் செலவும் உண்டு. பாதிதான் கிடைக்கும் என்றாலும் 11 ஆயிரம் கோடிக்கு மேல். குப்பை என்று விட்டுப்போனது புதையல் ஆகிவிட்டது.

இந்தப் புதையலை எடுக்கவே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிளறினால் தூசி இன்னும் பெருகும் என்பது அவர்களுடைய அச்சம். அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது என்றாலும், முடிவை நாம் ஏற்கவில்லை. மேடுகள் இப்படியே கிடந்தாலும் தூசி நிற்கப் போவதில்லை. ஒழுங்காகச் செய்தால், வீடுகளை ஒட்டி நிற்கும் மேடுகளை அகற்றவும், அந்த நிலத்தை வேறு தொழிலுக்குப் பயன்படுத்தவும் இதுவே சந்தர்ப்பம். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தைச் சுற்றி நிற்கும் பழைய தங்கச் சுரங்க மண்மேடுகளை இவ்விதம் மீண்டும் சுத்திகரித்து, மிச்ச மண்ணை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் தொழில் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆகவே, எடுக்கலாம். எப்படி எடுப்பது, எடுத்த பின் என்ன செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மிச்ச மண் எங்கே போகும்?

ஒரு சிறிய கணக்கைப் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. 3.3 கோடி டன் மண்ணிலிருந்து 23 டன் தங்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு? அதே 3.3 கோடி டன் மண்தான். தங்கம் போகும், மேடு போகாது. இடம் மட்டும் மாறலாம். இன்னும் சொன்னால், மறுபடி ஒருமுறை சயனைடில் ஊறி, மறுபடி ஈரமாக, புதிய கழிவாக வந்து நிற்கும். அதை அடியில் கசியாமல் விரிப்புப் போட்ட இடத்தில் கொட்டுவார்களா, மேலே நல்ல மண் பரப்பிப் புல்லும் மரமும் வளர்ப்பார்களா, ஐம்பது வருஷம் கழித்து அது இடிந்தால் யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை கேட்காமல் விட்டதன் பலனைத்தான் அனுபவித்து வருகிறோம்.

ஜாமீன் தொகை இருக்கிறதே என்பார்கள். 2021-ல் திருத்தப்பட்ட 2017 விதிகளின்படி பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் ஜாமீன். ஆயிரம் ஏக்கர் என்பது சுமார் 400 ஹெக்டேர். கணக்குப் பார்த்தால் 20 கோடி ரூபாய். பல்லாயிரம் கோடி ரூபாய் தங்கத்தை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் 20 கோடியை விட்டுவிட்டு நடையைக் கட்டுவது எந்தக் கம்பெனிக்கும் லாபமான பேரம். சாதாரணச் சுரங்கத்துக்கு வகுத்த அளவுகோல் இங்கே போதாது. மூடும் செலவை நிபுணர்களை வைத்து மதிப்பிட்டு, முழுத் தொகையையும் முதலிலேயே தனிக் கணக்கில் கட்டச் செய்ய வேண்டும்.

நூறு ரூபாயில் நாற்பது காசு

அடுத்து, ஊருக்கு என்ன கிடைக்கும்? 2015-ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென மாவட்ட கனிம நிதி ஏற்படுத்தப்பட்டது. குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கு அதைச் செலவிட வேண்டும். இதுவும் வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். ஆனால் தங்கவயல் 120 ஆண்டுகள் தங்கம் தந்த காலத்தில் இப்படி ஒரு நிதி இல்லை. நிதி வந்தபோது சுரங்கம் இல்லை.

இனிமேல் வந்தால் எவ்வளவு வரும்? தங்கத் தாதுவுக்கு ராயல்டி, தங்கத்தின் விலையில் 100-க்கு 4 ரூபாய். இதே கணக்கு மண்மேட்டுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். 2015-க்குப் பிறகு ஏலத்தில் விடும் குத்தகைகளுக்கு ராயல்டியில் 10 சதவிகிதம் மாவட்ட நிதிக்குப் போகும். அதாவது, நூறு ரூபாய்த் தங்கத்தில் 40 காசு. பழைய குத்தகை என்று எடுத்துக்கொண்டாலும் 30 சதவிகிதம். ஒரு ரூபாய் இருபது காசு. அதுவும் மாவட்டம் முழுவதற்கும். அதில் தங்கவயல் லைன் வீட்டுக்காரனுக்கு எத்தனை காசு வந்து சேரும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிடச் சிறந்த முன்மாதிரி இதே கர்நாடகத்தில் இருக்கிறது. பல்லாரி, சித்ரதுர்கா, தும்கூர் மாவட்டங்களில் இரும்புத்தாது கண்மண் தெரியாமல் தோண்டப்பட்டபோது, 2011-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டுச் சுரங்கங்களை நிறுத்தியது. 2013 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில், நிபந்தனைகளோடு வேலையை அனுமதித்தது. தாது விற்ற பணத்தில் ஒரு பகுதி, பாழான நிலத்தையும் ஊர்களையும் சீரமைப்பதற்கென்றே தனி அமைப்பின் கையில் சேரும்படி செய்தது. பல்லாரிக்கு ஒரு நியாயம், கோலாருக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. பல்லாரியில் செய்ய கோர்ட் உத்தரவு வேண்டியிருந்தது. தங்கவயலில் சர்க்காரே முன்வந்து செய்தால் அதற்குப் பெருமை.

மாநில சர்க்கார் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. கனிமங்களின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் பெஞ்ச் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. வசூலிக்கும் உரிமை வந்தால் செலவழிக்கும் கடமையும் கூடவே வருகிறது.

எழுதி வைக்க வேண்டிய நான்கு பாக்கிகள்

மேட்டில் வேலை தொடங்குமுன் நான்கு விஷயங்கள் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

முதலாவது, மிச்ச மண்ணைப் பாதுகாப்பாக வைத்து மூடும் முழுச் செலவும், மேலே சொன்னபடி, முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டப்பட வேண்டும். அள்ளும்போது தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது, மூடிய லாரிகள், வீடுகளுக்கு அருகே தூசி அளக்கும் கருவிகள், தினசரி அளவை ஊரில் எழுதிப் போடுவது ஆகியவை நிபந்தனைகளாக வேண்டும். தண்ணீர் தெளிப்பது என்றவுடன், வறண்ட கோலார் மாவட்டத்தில் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்ற கேள்வி எழும். குடிநீரில் கை வைக்காமல் செய்ய வழி சொன்ன பிறகே அனுமதி தர வேண்டும்.

இரண்டாவது, நோய். சுரங்கத்தில் உழைத்த பழைய தொழிலாளிகளில் உயிரோடிருப்பவர்களையும், மேடுகளை அடுத்து வசிப்போரையும் சர்க்கார் செலவில் பரிசோதிக்க வேண்டும். சிலிகோசிஸ் என்று சான்று பெற்றவர்களுக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும், மாதாந்திர உதவித்தொகையும் தர 2019-ல் ராஜஸ்தான் சர்க்கார் கொள்கை வகுத்தது. கல் உடைக்கும் தொழிலாளிக்கு அங்கே செய்யக்கூடியதைத் தங்கம் தோண்டிய தொழிலாளிக்கு இங்கே ஏன் செய்ய முடியாது?

மூன்றாவது, வீடு. பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்பது தங்கவயல் மக்களின் நெடுநாளைய கோரிக்கை. நிலம் மறுபடி விலை பெறும்போது, பத்திரமில்லாதவன்தான் முதலில் தெருவுக்கு வருவான். ஏலம் முதலில், பத்திரம் பிறகு என்றால், பத்திரம் வரவே வராது.

நான்காவது, வேலை. மண்ணை அள்ளிக் கழுவும் வேலைக்குப் பழைய சுரங்கம் போல் ஆயிரமாயிரம் ஆட்கள் தேவைப்படமாட்டார்கள். இயந்திரங்களே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். இதை மறைத்து, தங்கவயலுக்குப் பொற்காலம் திரும்புகிறது என்று மேடையில் பேசுவது மோசடி. கிடைக்கும் வேலைகளில் உள்ளூர் இளைஞர்களுக்கு முதலிடம் தர வேண்டும். அதைவிட முக்கியம், மண்ணை அகற்றிக் கிடைக்கும் நிலத்தில் நிலையான தொழில்களைக் கொண்டுவர வேண்டும். 1964-ல் ஏற்பட்ட எர்த் மூவர்ஸ் தொழிற்சாலைக்குப் பின் சொல்லும்படியான பெருந்தொழில் எதுவும் அந்த ஊருக்கு வரவில்லை. பெங்களூர்க் குப்பையைக் கொட்டத் தங்கவயல் பொருத்தமான இடம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தொழில் தொடங்கப் பொருத்தமான இடம் என்று யோசித்தவர்கள் குறைவு.

நாட்டின் பொதுச் சொத்து அல்லவா, ஓர் ஊருக்கு மட்டும் தனிச் சலுகையா என்று கேட்கலாம். நாம் கேட்பது சலுகை அல்ல. பூமிக்கு அடியில் இருக்கும் தங்கம் நாட்டின் சொத்து என்றால், பூமிக்கு மேலே வந்து நிற்கும் தூசியும் நாட்டின் பொறுப்புத்தான். தங்கத்துக்கு உரிமை கொண்டாடிவிட்டுத் தூசியை மட்டும் ஊருக்குச் சொந்தமாக்குவது எந்த தர்மத்திலும் சேராது.

நம்மவர் செய்ய வேண்டியது

பெரிய சுரங்கத் திட்டங்களுக்கு மாவட்டத்திலேயே பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை. அதற்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். இது புதிய சுரங்கம் அல்ல, கொட்டிக் கிடக்கும் மண்ணை அள்ளும் வேலைதானே என்று சொல்லி இந்தக் கூட்டத்தைத் தவிர்க்கும் முயற்சி எதற்கும் இடம் கொடுக்கக் கூடாது. கூட்டம் நடந்தால், அதில் பேசியது பதிவாகும். பதிவானதற்கு பதில் சொல்ல வேண்டியிருக்கும். பேசாததற்குப் பதில் கிடையாது.

ரயிலில் பெங்களூருக்கு வந்து போகும் தங்கவயல் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் வேலை நாளில்தான் வைப்பார்கள். ஒரு நாள் சம்பளம் போகும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய சுரங்கச் சீட்டு, பாட்டனாரின் வேலைப் புத்தகம், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே, வாடகை ரசீது, எது இருந்தாலும் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பாக்கி கேட்பவனிடம் சீட்டு இருக்க வேண்டும். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரோடும், தெலுங்கு பேசும் கிராமத்தாரோடும் சேர்ந்தே போங்கள். தூசி மொழி பார்த்து வருவதில்லை. அதற்கான பரிகாரத்தையும் மொழி பார்த்துக் கேட்க வேண்டியதில்லை.

கர்நாடக சர்க்கார் தனக்கு வர வேண்டிய 75 கோடியை மறக்காமல் கேட்டது. நல்ல நிர்வாகம் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த ஞாபகசக்தி தங்கவயல் மக்களின் பாக்கியிலும் இருக்கட்டும். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, தங்கத்தின் பங்கைப் பேசுமுன் இந்த நான்கு பாக்கிகளையும் முதல் பாத்தியதையாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2001-ல் கணக்கை முடிக்காமல் கதவைப் பூட்டினார்கள். இப்போது மறுபடி கதவைத் திறக்கிறவர்கள், பழைய கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.